மரத்துக்கும் ஊர் உண்டு
சிம்ஸ் பூங்காவில் நாம் படிக்க வேண்டிய பாடம்



சேமிப்பு, உள்கடன், பதிவேடு எழுதுவது என்று பல பாடங்களை இந்தப் பக்கத்தில் படித்து வருகிறோம். இந்த முறை மரங்களைப் பற்றிப் படிக்கப் போகிறோம். "மலையிலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு மரத்தைப் பற்றிப் பாடமா?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயம்தான். விறகு எடுக்கவும் தண்ணீர் பிடிக்கவும் தினமும் மரங்களுக்கு நடுவே நடப்பவர்கள் நீங்கள்தான்.

ஆனாலும் ஒன்றை யோசித்துப் பாருங்கள். மழைக்காலம் தொடங்கினால் மரக்கன்று வண்டி வருகிறது. "இலவசம், எடுத்துக்குங்க" என்கிறார்கள். நாமும் வாங்கி ஊற்றுக்குப் பக்கத்திலும், புல் முளைத்த மேட்டிலும், பள்ளிக்கூட ஓரத்திலும் நடுகிறோம். அது என்ன மரம், எந்த ஊர் மரம், வளர்ந்தபின் நம்ம ஊற்றுக்கு நல்லதா கெட்டதா என்று யாரும் கேட்பதில்லை. மாசி, பங்குனியில் குடத்தோடு வரிசையில் நிற்கும்போது அந்த மரம் நம் நினைவுக்கு வருவதும் இல்லை.

பாடத்தின் நோக்கம்

இந்தப் பாடத்தின் முடிவில் உறுப்பினர்கள்

- மரத் தோட்டம் என்பது எதற்காக என்று சொல்ல முடிய வேண்டும்.
- நம் மலையின் சொந்த மரம் எது, வந்த மரம் எது என்று சிலவற்றையாவது பிரித்துக் காட்ட முடிய வேண்டும்.
- இலவசக் கன்று வரும்போது என்ன கேள்வி கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

மரத் தோட்டம் என்றால் என்ன?

பூந்தோட்டம் கண்ணுக்கு அழகு, பழத்தோட்டம் கைக்கு வருமானம். மரத் தோட்டம் இந்த இரண்டும் இல்லை. அதை மரங்களின் பதிவேடு என்று சொல்லலாம். ஒரு பகுதியில் என்னென்ன மரங்கள் உண்டு, வெளிநாட்டு மரங்கள் இங்கே எப்படி வளர்கின்றன என்று பார்க்க, பல வகை மரங்களை ஒரே இடத்தில் வளர்த்து, பெயர்ப்பலகை வைத்து, எப்போது வந்தது, எங்கிருந்து வந்தது என்று குறித்து வைப்பார்கள். நம் குழுவில் தீர்மானப் புத்தகம் இல்லாவிட்டால் போன வருடம் என்ன முடிவு செய்தோம் என்று தெரியாது இல்லையா? மரத்துக்கும் அதே கதைதான்.

இப்படிப்பட்ட தோட்டங்கள் கல்லூரி வளாகங்களிலும் உண்டு. சென்னை கிறித்தவக் கல்லூரி 1937-ல் நகரத்திலிருந்து தாம்பரத்துக்கு இடம் மாறியது. கிடைத்த இடம் சேலையூர்க் காட்டின் ஒரு பகுதி. அங்கே வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் வளாகம் முழுவதும் மரங்களை நட்டு வளர்த்தார். பழைய முள்காட்டையும் முழுக்க வெட்டாமல் விட்டுவைத்தார்கள். சுற்றிலும் வீடுகள் நெருக்கிய பிறகும் அந்த வளாகம் பச்சையாக நிற்கிறது. பாடம் நடத்தும் இடமே அந்தப் பகுதியின் காடு எப்படி இருந்தது என்று காட்டும் இடமாகவும் ஆகிவிட்டது. இதற்குக் காரணம் அவர் வேதியியல் படித்தது அல்ல. எந்த மண்ணில் எது வளரும் என்று பொறுமையாகப் பார்த்ததுதான்.

நம்ம பக்கத்திலும் ஒரு கல்லூரி வளாகத்துக்குள் பழைய மரக்கதை இருக்கிறது. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் ஊட்டியில் கட்டிய கல் பங்களாதான் அங்கே கட்டப்பட்ட முதல் ஆங்கிலேயர் வீடு. 1955-ல் தொடங்கிய அரசு கலைக் கல்லூரி அந்த வளாகத்தில்தான் இயங்குகிறது. அவர் பெயரைச் சொல்லும் ஓக் மரமும் அங்கே உண்டு. ஊட்டி ஏரிக்குப் பக்கத்தில் 1992-ல் தனியாக ஒரு மரவியல் பூங்காவும் அமைத்தார்கள். நான்கு ஏக்கருக்கும் குறைவான இடம்தான்.

குன்னூரில் நமக்கு இருக்கும் பள்ளிக்கூடம்

குன்னூரில் இருப்பவர்களுக்கு சிம்ஸ் பூங்காதான் மரத் தோட்டம். 1874-ல் தொடங்கியது. அப்போது அரசுச் செயலாளராக இருந்த ஜே.டி. சிம் என்பவரும், மேஜர் முரே என்பவரும் முயற்சி எடுத்து உருவாக்கியது. சிம் பெயரே பூங்காவுக்கு நிலைத்துவிட்டது. சுமார் 12 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 30 ஏக்கர். இன்று தோட்டக்கலைத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. ஆண்டுதோறும் மே மாதம் பழக்கண்காட்சி நடப்பது உங்களுக்குத் தெரியும்.

எங்கள் குழு உறுப்பினர்களைக் கண்டுணர்வுப் பயணமாக அங்கே கூட்டிப் போனபோது ஓர் உறுப்பினர் சொன்னார்: "முப்பது வருஷமா இந்தப் பக்கம் பஸ்ல போறேன். எதிர்த்தாப்புல பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டுக்கு நாய்க்கடி ஊசிக்குப் பேச்சு வந்தா தெரியும். பூங்கா டூரிஸ்ட்டுக்குன்னு நினைச்சிட்டேன்." பலருக்கும் அந்த எண்ணம்தான். டிக்கெட் வாங்கி, பூ முன்னால் நின்று போட்டோ எடுத்து, கொறிக்க ஏதாவது வாங்கித் தின்றுவிட்டு வருவதுதான் பூங்கா என்று நினைக்கிறோம். அடுத்த முறை போனால் தலையை நிமிர்த்தி மரத்தைப் பாருங்கள்.

இந்தப் பூங்காவைச் சமமான தரையில் கட்டவில்லை. ஒரு பள்ளத்தாக்கின் இரு சரிவுகளிலும் மேலிருந்து கீழாக இறங்குகிறது. அடியில் குளம். அங்கே முன்பே நின்ற சோலை மரங்கள் சிலவற்றை வெட்டாமல் வைத்துக்கொண்டு, நடுநடுவே வெளியூர் மரங்களை நட்டார்கள். அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அங்கே பார்க்க வேண்டியவை:

1. ருத்திராட்ச மரம். கழுத்தில் போடும் ருத்திராட்ச மணி இதன் கொட்டைதான். இமயமலை அடிவாரம், நேபாளம் பக்கத்து மரம். இதன் சொந்தக்கார மரம் ஒன்று நம் சோலைகளிலேயே உண்டு. அதுதான் விக்கி. பறித்துத் தின்ற விக்கிப் பழத்தின் கொட்டையை எடுத்து ருத்திராட்சத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், உறவு தெரியும்.

2. கற்பூர வாசனை மரம். சூடம் கிடைக்கும் உண்மையான கற்பூர மரம் சீனா, ஜப்பான் பக்கத்தது. நாம் தோட்ட ஓரத்தில் "கற்பூர மரம்" என்று சொல்வது வேறு. அதைப் பற்றிக் கீழே சொல்கிறோம்.

3. மரப் பெரணி. பெரணி என்றால் தரையோடு இருக்கும் என்று நினைப்போம். இது தென்னங்கன்று போல் தண்டு விட்டு உயரமாக நிற்கும். எப்போதும் ஈரம் இருக்கும் ஓடை ஓரத்தில்தான் வாழும். ஒரு இடத்தில் மரப் பெரணி இருந்தால் அங்கே நிழலும் தண்ணீரும் கெடவில்லை என்று அர்த்தம்.

4. அரோகேரியா, பைன், மக்னோலியா போன்றவை. இவை கடல் தாண்டி வந்தவை. அழகாக இருக்கும். 

ஒரே மலை, பல ஊர்

பள்ளியில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து நிலம் படித்திருப்போம். மலை என்றால் குறிஞ்சி, அவ்வளவுதான் என்று முடித்துவிடுகிறோம். ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து ரயிலில் ஏறி வந்தால் ஒரே மலைக்குள் எத்தனை நிலம் என்று தெரியும்.

மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 326 மீட்டர். குன்னூர் 1,711 மீட்டர். ஊட்டி 2,203 மீட்டர். கீழே பாக்குத் தோப்பு. கல்லாறு, பர்லியார் பக்கம் மங்குஸ்தான், துரியன் போன்ற வெப்பமும் ஈரமும் வேண்டிய பழங்கள். குன்னூர் வந்தால் பிளம்ஸ், பேரி, தேயிலை. இன்னும் மேலே போனால் உருளைக்கிழங்கு, கேரட், பனி. துரியனை ஊட்டியில் நட்டால் பனியில் கருகிவிடும். பிளம்ஸை மேட்டுப்பாளையத்தில் நட்டால் குளிர் போதாமல் காய்க்காது. அரை நாள் பயணத்துக்குள் இத்தனை மாற்றம்.

ஆகவே மரக்கன்று எங்கே வளர்க்கப்பட்டது என்பது முக்கியம். கீழே சமவெளி நாற்றங்காலில் வளர்ந்த கன்றை மேலே கொண்டு வந்து நட்டால், முதல் மார்கழிப் பனியிலேயே பாதி போய்விடும். தப்பு கன்றின் மேலும் இல்லை, நட்டவர் மேலும் இல்லை. ஊர் மாறியதுதான் காரணம்.

நீலகிரித் தைலம் நீலகிரி மரமா?

சளி பிடித்தால் நெற்றியில் தடவும் தைலத்துக்கு நீலகிரித் தைலம் என்று பெயர். அது வருவது யூகலிப்டஸ் மரத்திலிருந்து. அதைத்தான் நாம் கற்பூர மரம் என்கிறோம். அது நீலகிரி மரமே இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து 1840-களில் கொண்டு வந்தது. நாம் சீகை மரம் என்று சொல்லும் வாட்டிலும் ஆஸ்திரேலியாதான். தேயிலைக்கு நிழல் கொடுக்கும் சில்வர் ஓக்கும் அங்கிருந்துதான் வந்தது.

ஏன் கொண்டு வந்தார்கள்? ஊட்டியும் குன்னூரும் ஊராக வளர்ந்தபோது குளிருக்கும் சமையலுக்கும் விறகு வேண்டியிருந்தது. சுற்றியிருந்த சோலைகளை வெட்டினார்கள். சோலை மரம் மெதுவாக வளரும், வெட்டியது திரும்பி வரவில்லை. அதனால் சீக்கிரம் வளரும் மரத்தைத் தேடினார்கள். பிறகு தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகையும், செயற்கை நூல் ஆலைக் கூழுக்காக யூகலிப்டஸும் ஆயிரக்கணக்கான ஏக்கரில் நடப்பட்டன. "சும்மா கிடக்கிற புல் மேடு" என்று நினைத்துப் புல்வெளியில்தான் பெரும்பாலும் நட்டார்கள்.

அது சும்மா கிடந்த இடம் இல்லை. அந்தப் புல்வெளி தோடர் மக்களின் எருமைகள் மேய்ந்த இடம். அவர்கள் வீடும் கோயிலும் வேயும் புல் வளர்ந்த இடம். நம் ஆறுகளுக்குத் தண்ணீர் சேர்த்து வைத்த இடமும் அதுதான்.

இதை வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. உதகையில் உள்ள மண் மற்றும் நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் கிளன்மார்கன் என்ற இடத்தில் அருகருகே இருந்த இரண்டு ஓடைப் பள்ளங்களைப் பல ஆண்டுகள் அளந்து பார்த்தது. ஒன்றைப் புல்வெளியும் சோலையுமாக அப்படியே விட்டார்கள். மற்றதில் பாதிக்கு மேற்பட்ட இடத்தில் 1972-ல் யூகலிப்டஸ் நட்டார்கள். முதல் பத்து ஆண்டுகளில் அந்த ஓடையில் வந்த தண்ணீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. மரத்தை வெட்டி மறுபடி துளிர்க்க விட்ட அடுத்த பத்து ஆண்டுகளில் சுமார் 25 சதவீதம் குறைந்தது. அதாவது நான்கு குடம் வந்த இடத்தில் மூன்று குடம்.

நான்காவது குடத்துக்காக யார் நடந்து போவார்கள் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

சோலை செய்யும் வேலை

சோலை என்பது மலை மடிப்புகளில், ஓடை ஓரங்களில் நெருக்கமாக வளரும் குட்டைக் காடு. மேட்டில் புல், பள்ளத்தில் சோலை. இதுதான் நம் உயர்ந்த மலையின் சொந்த அமைப்பு. முக்கூர்த்தி தேசியப் பூங்காவில் இதை இன்னும் காணலாம்.

மழை வந்தால் புல்லின் வேர் வலை போல் மண்ணைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை உள்ளே இறங்க விடுகிறது. சோலையின் தரையில் இலைமக்கு மெத்தை போல் கிடக்கும். அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும். அதனால்தான் மழை நின்று மாதக்கணக்கான பிறகும் ஓடை கசிகிறது. குன்னூர் ஆறு, காட்டேரி ஓடை எல்லாம் கடைசியில் பவானியில் சேர்கின்றன. நம்ம சோலையில் விழும் மழை ஈரோட்டு வயல் வரை போகிறது.

மண்சரிவும் நமக்குப் புதிதல்ல. 2009 நவம்பரில் ஊட்டி, குன்னூர், கேத்தி பகுதிகளில் ஏற்பட்ட சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அத்தனை மழை ஒரேயடியாகக் கொட்டினால் மரம் மட்டும் காப்பாற்றிவிடும் என்று சொல்ல முடியாது. சரிவை வெட்டி வீடு கட்டுவது, தண்ணீர் போகும் வழியை அடைப்பது எல்லாம் சேர்ந்துதான் ஆபத்து. ஆனால் ஓடை ஓரத்தை மொட்டையாக விடாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.

உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகள்

வெளிநாட்டு மரம் எல்லாவற்றையும் வெட்டிவிட வேண்டுமா?

வேண்டாம். நாம் பறிக்கும் தேயிலையே வந்த செடிதான். உருளைக்கிழங்கும் கேரட்டும் வந்தவைதான். அவை நட்ட இடத்தில் நிற்கின்றன, நமக்குச் சோறு போடுகின்றன. வந்த செடி வேறு, ஆக்கிரமிக்கும் செடி வேறு. நடாமலேயே பரவி, மற்றதை வளரவிடாமல் அமுக்குவதுதான் ஆக்கிரமிக்கும் செடி. சீகையும் உண்ணிச்செடியும் அப்படிப்பட்டவை. தமிழக அரசு இத்தகைய செடிகளை அகற்றி இயற்கைக் காட்டை மீட்பதற்கென்று 2022-ல் தனிக் கொள்கையே வெளியிட்டது.

சீகையை எடுத்துவிட்டால் விறகுக்கு என்ன செய்வது?

நியாயமான கேள்வி. ஒரே நாளில் எடுக்க யாரும் சொல்லவில்லை. ஊற்றுக்கு மேலே உள்ள இடத்தை முதலில் மீட்டு, விறகுக்கான மரத்தை ஊற்றுக்குத் தள்ளி வைத்துக்கொள்ளலாம். எந்த மரத்தையும் அனுமதி வாங்காமல் வெட்டக் கூடாது. நீலகிரியில் பட்டா நிலத்து மரத்துக்கும் அனுமதி கேட்க வேண்டிய சட்டங்கள் இருக்கின்றன.

உண்ணிச்செடியால் வருமானம் உண்டா?

உண்டு. கூடலூர் பக்கத்துப் பழங்குடிக் கைவினைஞர்கள் உண்ணிச்செடித் தண்டுகளைக் கொண்டு உயிருள்ள யானை அளவுக்கு உருவங்கள் செய்தார்கள். அவை 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்றன, பிறகு அமெரிக்காவுக்கும் போயின. நாற்காலி, மேஜை செய்பவர்களும் உண்டு. களைக்கும் கைத்தொழிலுக்கும் ஒரே தீர்வு.

புல் மேட்டில் மரம் நட்டால் நல்லதுதானே?

எல்லா இடத்திலும் இல்லை. இயற்கையான புல்வெளியைப் புல்வெளியாகவே விடுவதுதான் நல்லது. குறிஞ்சிப் பூவும் அந்தச் சரிவுகளில்தான் பூக்கும். மூணாறு பக்கம் 2006-லும் 2018-லும் பூத்த நீலக்குறிஞ்சி 12 வருடத்துக்கு ஒரு முறை வரும் செடி. மரத்து நிழல் விழுந்தால் அது வராது.

சோலை நாற்றங்கால்: கணக்கு போட்டுப் பார்ப்போம்

சில குழுக்கள் "நாங்களே சோலைக் கன்று வளர்த்து விற்கலாமா?" என்று கேட்கிறார்கள். செய்யலாம். ஆனால் காய்கறி நாற்று மாதிரி நினைக்கக் கூடாது.

- நாவல் வகைகள், விக்கி, காட்டுச் செண்பகம், காட்டுப் பூவரசு, தவிட்டுப்பழம் போன்றவை நம் மலைக்குப் பொருத்தமானவை.
- வனத்துறைக் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் விதை எடுக்கக் கூடாது. எஸ்டேட் ஓரம், கோயில் காடு, வீட்டுப் பக்கத்தில் நிற்கும் மரத்தின் கீழ் விழுந்ததை, உரியவரைக் கேட்டு எடுக்கலாம். எல்லாவற்றையும் எடுக்காமல் பறவைக்கும் மண்ணுக்கும் விட வேண்டும்.
- நாவல் போன்ற சதைப்பற்றுள்ள பழத்தின் விதையைக் காயவைத்துச் சேமிக்க முடியாது. சதையைக் கழுவி உடனே விதைக்க வேண்டும்.
- சில விதை முளைக்கவே மாதக்கணக்கில் ஆகும். கன்று நடும் உயரத்துக்கு வர ஒரு வருடம், இரண்டு வருடம் ஆகும். நிழல் வேண்டும், தினமும் பார்க்க ஆள் வேண்டும்.

ஒரு உதாரணக் கணக்கு. 1,000 விதை போடுகிறோம். 600 முளைக்கிறது. 18 மாதம் கழித்து நல்ல கன்றாக 450 நிற்கிறது. மண், பை, நிழல்வலை, நம் கூலி எல்லாம் சேர்த்து ரூ.13,500 செலவு என்று வையுங்கள். பலரும் 13,500-ஐ 1,000-ஆல் வகுத்து, ஒரு கன்றுக்கு ரூ.13.50 செலவு, 20 ரூபாய்க்கு விற்றால் லாபம் என்று நினைப்பார்கள். விற்க முடிவது 450 கன்றுதானே? 13,500-ஐ 450-ஆல் வகுத்தால் ஒரு கன்றுக்கு ரூ.30. இருபது ரூபாய்க்கு விற்றால் ஒவ்வொரு கன்றிலும் பத்து ரூபாய் நஷ்டம். மொத்தம் 4,500 ரூபாய் போய்விடும்.

இந்த எண்கள் கணக்கைப் புரிந்துகொள்ள மட்டும். உங்கள் குழுவின் உண்மையான செலவை நீங்களே எழுத வேண்டும். உங்கள் கூலியை மறக்காமல் எழுதுங்கள். "வீட்டு வேலைதானே" என்று விட்டுவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும். கடன் வாங்கும் முன்பே, வாங்குபவர் யார், எத்தனை கன்று, என்ன விலை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் முறை 100 விதையோடு தொடங்கினால் போதும்.

நம்ம ஊரில் ஒரு சிறு மரத் தோட்டம்

இதற்குப் பணம் அதிகம் தேவையில்லை. அங்கன்வாடி, பள்ளி, கோயில் நிலம், ஊற்றைச் சுற்றிய இடம் என்று ஏதாவது ஐந்து சென்ட் இருந்தால் போதும். ஏற்கெனவே நிற்கும் மரங்களை எண்ணுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் ஒவ்வொரு மரத்துக்கும் அவரவர் மொழியில் என்ன பெயர் என்று கேளுங்கள். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படுகர், இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்கள் என்று ஒவ்வொருவரும் ஒரே மரத்துக்கு ஒரு பெயரும் ஒரு பயனும் சொல்வார்கள். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிப் பலகையில் வைக்கட்டும். தாவரவியல் ஆசிரியரிடம் காட்டிச் சரிபார்க்கட்டும். பெரியவர்கள் போனபிறகு அந்தப் பெயர்களைக் கேட்க ஆள் இருக்காது.

இலவசக் கன்று வந்தால் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. இது என்ன மரம்? எங்கள் மலை மரமா, வந்த மரமா?
2. எந்த நாற்றங்காலில், எந்த உயரத்தில் வளர்ந்தது?
3. தானாகப் பரவுமா?
4. ஊற்றுப் பக்கம் நடலாமா, கூடாதா?
5. நட்டபின் இரண்டு வருடம் யார் பார்ப்பது? அதற்கு நிதி உண்டா?

பதில் சொல்ல முடியாதவரிடம் கோபப்பட வேண்டாம். "கேட்டுச் சொல்லுங்க, அடுத்த வாரம் வாங்கிக்கிறோம்" என்று சொன்னால் போதும்.

குழுக் கூட்டத்தில் பேச வேண்டியவை

- நம் ஊற்றுக்கு மேலே இப்போது என்ன மரங்கள் நிற்கின்றன? இருபது வருடத்துக்கு முன் என்ன நின்றது?
- எந்த மாதம் தண்ணீர் குறைகிறது? முன்பும் அதே மாதம்தானா?
- நம் ஊரில் புல்வெளியாகவே விட வேண்டிய இடம் எது?
- சிம்ஸ் பூங்காவுக்குக் குழுவாகப் போய்வர எந்த நாள் வசதி?

பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். ஊற்றுக்கு மேல் எந்தக் கன்று நடுவது என்பதைக் கிராம சபையில் பெண்கள்தான் முதலில் பேச வேண்டும். குடம் தூக்குவது நாம்தானே.